ரிவோக், ரிசிண்ட்: மூன்று பத்திரங்களுக்கும் ஒரே நோட்டீஸ் போதுமா?

கேள்வி: எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைக்குப் பக்கம். நான் ஷார்ஜாவில் வேலை செய்கிறேன். அப்பா காலமான பிறகு, அம்மா பெயரில் உள்ள ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள என் மாமன் மகனுக்கு அம்மா பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். இப்போது நானே ஊருக்குத் திரும்புவதால் அந்தப் பவர் தேவையில்லை. இந்த ஆண்டுப் பால்வெட்டுக்கு (ரப்பர் மரத்தில் பால் எடுப்பதற்கு) அவர் ஒருவரிடம் பேசி முன்பணம் வாங்கி அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்.

மார்த்தாண்டம் பக்கம் சாலையோரம் அம்மாவுக்கு 18 சென்ட் இடம் இருக்கிறது. அதை நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவருக்கு விற்க உடன்படிக்கை பதிவாகி, 3 லட்சம் ரூபாய் முன்பணமும் வாங்கியாகிவிட்டது. அந்த இடத்தில் பாதி நான்குவழிச் சாலைக்குப் போகப்போகிறது என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வரைபடத்தை அனுப்பித்தான் அவர் விலையைக் குறைத்தார். நில எடுப்பு அலுவலகத்தில் விசாரித்தபோது எங்கள் சர்வே எண் பட்டியலிலேயே இல்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் ஆங்கிலத்தில் நோட்டீஸ் எழுதினேன். ஒரு நண்பர் ‘ரிவோக்’ என்று போடச் சொல்கிறார், இன்னொருவர் ‘ரிசிண்ட்’ என்கிறார். இரண்டும் ரத்துதானே? இரண்டு சொல்லையும் சேர்த்துப் போட்டு, பவரையும் உடன்படிக்கையையும் ஒரே நோட்டீஸில் முடித்துவிடலாமா? 2016-ல் அம்மா தம்பிக்கு வீட்டை இஷ்டதானம் எழுதிக் கொடுத்தார். தம்பி அம்மாவைச் சரியாகக் கவனிப்பதில்லை. அதையும் இதிலேயே சேர்க்கலாமா? இடம் வாங்குகிறவர் அடுத்த தவணையாக 2 லட்சம் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்றே அம்மாவைப் போனில் அழைத்து, அந்த 2 லட்சத்தைக் கையால்கூடத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

இனி சொற்களுக்கு வருவோம். நம் பேச்சில் ரயில் டிக்கெட்டும் ரத்துதான், ரேஷன் கார்டும் ரத்துதான், பேசி முடித்த கல்யாணமும் ரத்துதான். அதனால் நண்பர்கள் இருவரும் ஒன்றையே சொல்வதுபோல் உங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. சட்டத்தில் இந்த இரண்டு வினைகளுக்கும் வேலை வேறு. ஒருவர் தன் விருப்பத்தால் கொடுத்த அதிகாரத்தைத் தன் விருப்பத்தாலேயே திரும்ப எடுத்துக்கொள்வது ரிவோக். அது எடுத்துக்கொண்ட நாளிலிருந்துதான் செல்லும். அதுவரை நடந்தவை நடந்தவையாகவே நிற்கும். இரண்டு பேர் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தை, சட்டம் ஏற்கும் காரணத்தைக் காட்டி, வேரோடு களைந்து, இருவரையும் பழைய நிலைக்கே கொண்டுபோய் நிறுத்துவது ரிசிண்ட். லத்தீன் மூலத்தில் முதலாவது ‘திரும்ப அழை’, இரண்டாவது ‘வெட்டிக் கிழி’. நினைவில் வைக்க இது உதவும்.

ஆகவே ஒவ்வொரு பத்திரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை அம்மா மட்டும் கொடுத்தாரா, அல்லது இன்னொருவரோடு சேர்ந்து செய்தாரா? இதுவரை நடந்தது நிற்க வேண்டுமா, அழிய வேண்டுமா? வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமா? மூன்று பத்திரங்களுக்கும் மூன்று விதமான விடை கிடைக்கும். ஒரே நோட்டீஸ் ஏன் போதாது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் பவர். இது சுலபம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 201-ஆம் பிரிவிலிருந்து இதற்கான விதிகள் வருகின்றன, கொடுத்தவர் அதிகாரத்தைத் திரும்ப எடுப்பதற்கு அங்கே வரும் சொல் ரிவோக். மாமன் மகன் தவறு செய்தார் என்று அம்மா நிரூபிக்கத் தேவையில்லை. காரணமே சொல்லத் தேவையில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். பவருக்குக் காலக்கெடு எழுதியிருந்து, தக்க காரணமில்லாமல் அதற்கு முன்பே எடுத்தால் இழப்பீடு கேட்க 205-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அந்தச் சொத்தில் பவர் பெற்றவருக்கே ஒரு பங்கோ உரிமையோ இருந்தால், அவருக்குப் பாதகமாக எடுக்க 202-ஆம் பிரிவு தடை போடுகிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தோட்டத்தைக் கவனிக்க மட்டும் கொடுத்த பவர்போலத் தெரிகிறது. அப்படியானால் தடை இல்லை.

பால்வெட்டு விஷயத்தைக் கவனியுங்கள். பவர் உயிரோடு இருந்தபோது, அதன் எல்லைக்குள் நின்று, மாமன் மகன் ஒரு வெட்டுக்காரரிடம் பேசி முன்பணம் வாங்கியிருக்கிறார். 204-ஆம் பிரிவின்படி, ஏற்கெனவே செய்து முடித்த செயல்களிலிருந்து எழும் பொறுப்புகளைப் பொறுத்தவரை அதிகாரத்தைத் திரும்பப் பெற முடியாது. அந்த ஆண்டு வெட்டு அம்மாவைக் கட்டுப்படுத்தும். நீங்கள் ஊருக்கு வந்து இறங்கியதும், பவர்தான் போய்விட்டதே என்று வெட்டுக்காரரை மரத்தடியில் தடுத்து நிறுத்தினால் வழக்கு உங்கள்மேல் வரும். இந்தப் பவருக்கு ரிசிண்ட் என்று போட்டால் என்ன ஆகும்? தொடக்கத்திலிருந்தே பவர் செல்லாது, அதைக் கொடுத்ததிலேயே ஏதோ ஏமாற்று இருக்கிறது என்று அம்மா குற்றம் சாட்டுவதாகப் படிக்கப்படும். இத்தனை காலம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட உறவுக்காரருக்கு அப்படி ஒரு கடிதம் போகக் கூடாது. நீங்கள் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது.

ரிவோக் செய்வதில் பலரும் கோட்டைவிடுவது தகவல் சேர்ப்பதில்தான். அம்மா கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் பவர் போய்விடாது. 208-ஆம் பிரிவு சொல்வது இது: முகவரை, அதாவது பவர் பெற்றவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரியும்போதும், வெளியாட்களைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரியும்போதும்தான் அது செல்லும். சட்டப் புத்தகத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் அச்சாகியிருக்கிறது. சென்னையில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கில் கிடக்கும் தன் பஞ்சை விற்கச் சொல்லி முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு விற்க வேண்டாம், சென்னைக்கு அனுப்பிவிடு என்று இரண்டாவது கடிதம் எழுதுகிறார். அந்த இரண்டாவது கடிதம் கையில் கிடைத்த பிறகும் முகவர் பஞ்சை ஒருவருக்கு விற்று, பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் பணம் கொடுத்தது செல்லும் என்கிறது சட்டம். நட்டம் சென்னைக்காரருக்குத்தான்.

அதனால் ரத்து ஆவணத்தைப் பவர் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். மாமன் மகனுக்கு ஒப்புகையுடன் தபால் போகட்டும். பால்வெட்டுக்காரர், ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்காரர், அந்தப் பவரைக் காட்டிப் பணம் எடுத்த வங்கி என்று அதை நம்பி நடந்துகொண்டவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். மூலப் பவர் பத்திரத்தை அவரிடமிருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். உள்ளூர் நாளிதழில் ஓர் அறிவிப்பும் கொடுக்கலாம்.

அடுத்தது 18 சென்ட். இதில்தான் எனக்குக் கவலை.

உங்கள் வரைவில் இந்த உடன்படிக்கைக்கும் ரிவோக் என்று போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு மனம் மாறிவிட்டது, விற்க விருப்பமில்லை என்பதைத் தவிர அந்தச் சொல் வேறு எதையும் சொல்லாது. இருவர் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த உடன்படிக்கையிலிருந்து ஒருவர் மனம் மாறியதால் விலக முடியாது. விலகினால் அது ஒப்பந்த மீறல். எதிராளியின் வழக்கறிஞர் அந்த நோட்டீஸையே முதல் ஆவணமாக வைத்து, பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் குழித்துறை நீதிமன்றத்தில் வழக்குப் போடுவார். ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தில் 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்திற்குப் பிறகு, அப்படிப்பட்ட வழக்கில் நீதிபதி தன் விருப்புரிமையால் மறுக்கும் வாய்ப்பு முன்போல இல்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும் வைத்து நீதிமன்றம் தீர்ப்பு எழுதாது, முழு நோட்டீஸையும்தான் பார்க்கும். ஆனால் தவறான சொல்லைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கேற்ற காரணத்தையும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அம்மாவிடம் வலுவான காரணம் இருக்கும்போது, அதைச் சொல்லாத ஒரு நோட்டீஸை அனுப்புவது பெரிய இழப்பு.

அந்தக் காரணம் மோசடி. பொய் என்று தெரிந்தே ஒரு வரைபடத்தைக் காட்டி, அதை நம்ப வைத்துச் சம்மதம் வாங்கினால் அது ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி மோசடி. 19-ஆம் பிரிவின்படி அந்த உடன்படிக்கையை நிறுத்துவதா, நீடிக்க விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை ஏமாற்றப்பட்டவருக்கு வருகிறது. நிறுத்தத் தீர்மானித்தால் அதற்குரிய சொல் ரிசிண்ட். நீங்களே விசாரித்திருக்கலாமே என்று எதிராளி கேட்பார். 19-ஆம் பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு உண்மையிலேயே இருக்கிறது. சாதாரண அக்கறையோடு உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியுமென்றால் ஒப்பந்தம் நிற்கும் என்கிறது. ஆனால் அது தெரியாமல் சொன்ன தவறான தகவலுக்கும், வாய்மூடி இருந்து ஏமாற்றியதற்கும் மட்டும்தான். வேண்டுமென்றே காட்டிய பொய் வரைபடம் அதில் அடங்காது. அதனால் நோட்டீஸில் வரைபடம் எந்த நாளில் எந்த எண்ணிலிருந்து வந்தது, அதில் என்ன காட்டப்பட்டிருந்தது, உங்கள் சர்வே எண் பட்டியலில் இல்லை என்பது எப்போது எப்படித் தெரிந்தது, இந்த மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். அவர் பொய் என்று தெரிந்துதான் காட்டினார் என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்பதையும் இப்போதே தேடுங்கள்.

இப்போது அந்த 2 லட்சத்திற்கு வருகிறேன். உண்மை தெரிந்த பிறகு அம்மா அடுத்த தவணையை வாங்கினால், உடன்படிக்கை நீடிக்கட்டும் என்று அவர் சம்மதித்துவிட்டதாக ஆகும். 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ நடத்தையாலோ உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டவருக்கு ரிசிண்ட் செய்யும் தீர்ப்பை நீதிமன்றம் மறுக்கலாம் என்கிறது. உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். அவசரமாகப் பணம் நீட்டுவதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இதன் மறுபக்கம் பலருக்கும் பிடிக்காது. வாங்கிய 3 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் தவறினால் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று உடன்படிக்கையில் ஒரு வரி இருக்குமே, அதை வைத்துப் பணத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். முடியாது. உடன்படிக்கையையே வேரோடு களைகிறேன் என்று சொல்கிறவர், அதில் தனக்குச் சாதகமான ஒரு வரியை மட்டும் கையில் பிடித்துக்கொள்ள முடியாது. ரிசிண்ட் செய்கிறவர் தான் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது. நோட்டீஸோடு 3 லட்சத்துக்கு ஒரு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து அனுப்பினால், அம்மா நேர்மையாக நடந்துகொண்டார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அவர் வாங்க மறுத்தால் டிராஃப்டையும் மறுப்பையும் பத்திரமாக வையுங்கள். அந்த இடத்தில் அவர் வேலி கட்டியிருந்தாலோ சாமான் இறக்கியிருந்தாலோ, அவரும் காலி செய்து கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு உண்மையில் நட்டம் ஏற்பட்டிருந்தால், முறையாக ரிசிண்ட் செய்தவருக்கு இழப்பீடு கேட்க 75-ஆம் பிரிவு இடம் தருகிறது. அது தனிக் கணக்கு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உடன்படிக்கை பதிவானது என்பதால் வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு நிற்கும். நோட்டீஸ் அனுப்பியதால் அது மறையாது. ஒன்று, அவரும் அம்மாவும் சேர்ந்து ரத்து ஆவணம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அவர் வராவிட்டால் நீதிமன்றத் தீர்ப்புதான் வழி. பவரை அம்மா ஒருவரே போய் ரத்து செய்துவிட்டு வரலாம், இதை முடியாது.

மூன்றாவது வீடு. நம் பக்கத்தில் இஷ்டதானம் என்கிறோம், மற்ற மாவட்டங்களில் தான செட்டில்மென்ட் என்கிறார்கள். அம்மாதானே கொடுத்தார், அவரே எடுத்துக்கொள்ளலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பவர் கொடுத்தபோது தோட்டம் அம்மாவிடமே இருந்தது, பார்த்துக்கொள்ளும் அதிகாரம் மட்டும் கைமாறியது. இஷ்டதானத்தில் வீடே போய்விட்டது. தம்பி ஏற்றுக்கொண்ட அன்றே அது முடிந்த காரியம்.

இதற்கான விதி 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 126-ஆம் பிரிவு. உங்கள் நண்பர்கள் இருவருக்கும் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள், ஏனென்றால் இந்த இரண்டு வினைகளும் ஒரே வாக்கியத்தில் பக்கம் பக்கமாக வருகின்றன. தானம் ஓர் ஒப்பந்தமாக இருந்திருந்தால் எந்தக் காரணங்களுக்காக அதை ரிசிண்ட் செய்திருக்க முடியுமோ, பிரதிபலன் இல்லாததைத் தவிர, அந்தக் காரணங்களுக்காக அதை ரிவோக் செய்யலாம் என்பது அந்த வாக்கியம். அதாவது மோசடி, வற்புறுத்தல், தகாத செல்வாக்கு போன்றவை இருந்தால் வழி உண்டு. இன்னொரு வழி, கொடுத்தவரின் விருப்பத்தைச் சாராத ஏதோ ஒரு நிகழ்ச்சி நடந்தால் தானம் திரும்பும் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருப்பது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் தானத்தைத் திரும்பப் பெற முடியாது. நினைத்தபோது எடுத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தாலும் பயனில்லை. அந்த அளவுக்குத் தானமே செல்லாது. சட்டத்தின் உதாரணத்தில் ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து, அதில் 10,000 ரூபாயை விரும்பியபோது திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்கிறார். 90,000 ரூபாய்க்குத் தானம் நிற்கிறது, 10,000 அவருடையதாகவே இருந்துவிடுகிறது.

இஷ்டதானம் எழுதிக் கொடுத்தவர் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்துவிட்டு வருவது முன்பு நிறைய நடந்தது. பொதுவாக அப்படி ஒருதலையாகச் செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல் சொல்லிவிட்டது. எனவே உங்கள் நோட்டீஸில் இந்த வீட்டைச் சேர்க்கவே கூடாது.

அம்மாவுக்கு 60 வயது கடந்திருந்தால் வேறு வாசல் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால், செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்திடம் கேட்கலாம். உங்கள் ஊருக்குப் பத்மநாபபுரம் சப் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். 2016 பத்திரத்தை எடுத்து, ‘ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்’ என்பதுபோல ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கின் பலம் பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும். அதற்கு முன் அம்மாவிடம் தனியாகப் பேசி அவர் விருப்பம் என்ன என்று கேளுங்கள். வீடு வேண்டுமா, அல்லது தம்பி மாதாமாதம் செலவுக்குக் கொடுத்து மருந்து வாங்கித் தந்தால் போதுமா? இரண்டாவதுதான் வேண்டுமென்றால் அதே தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் மட்டும் கேட்கலாம். அண்ணன் தம்பிக்குள் இருக்கும் மனத்தாங்கலை அம்மாவின் கையெழுத்தில் தீர்க்கப் பார்க்க வேண்டாம்.

இந்த இரண்டு வினைகளும் எல்லா இடத்திலும் நான் சொன்ன எல்லைக்குள் நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு எங்காவது படிக்கும்போது குழம்புவீர்கள். அரசு தன் ஆணையைத் தானே நீக்கும்போது ரிசிண்ட் என்கிறது. 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம் 21-ஆம் பிரிவில் அதே சொல்தான். அங்கே இரண்டாவது தரப்பும் இல்லை, திருப்பிக் கொடுப்பதும் இல்லை. உயிலுக்கு எப்போதும் ரிவோக். எழுதியவர் சுயநினைவோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நம் மாவட்டத்துக் கிறிஸ்தவ வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: உயில் எழுதியவர் அதன் பிறகு திருமணம் செய்துகொண்டால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி அந்த உயில் தானாகவே ரிவோக் ஆகிவிடும். மறுமணம் செய்துகொண்டவர்கள் புதிதாக எழுத வேண்டும். இந்துக்கள் எழுதும் உயிலுக்கு இந்த விதி இல்லை.

உங்கள் வரைவைக் கிழித்துவிட்டு இரண்டு காகிதங்களாக எழுதுங்கள். பவருக்கு ஒன்று, அதில் ரிவோக் என்ற சொல் மட்டும், குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். உடன்படிக்கைக்கு ஒன்று, அதில் ரிசிண்ட் என்ற சொல்லோடு மோசடியின் விவரமும் டிராஃப்டும். ‘ரிவோக் மற்றும் ரிசிண்ட்’ என்று இரண்டையும் கோத்து எழுதினால், ஒன்று தவறினாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று நினைக்கிறீர்கள். எதிராளி தனக்குச் சாதகமானதைத்தான் எடுத்துக்கொள்வார். இரண்டிலும் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அம்மா சார்பில் வழக்கறிஞர் அனுப்ப வேண்டும். ஷார்ஜாவிலிருந்து உங்கள் பெயரில் வரும் கடிதத்துக்கு மதிப்பில்லை, ஏனென்றால் இந்தப் பத்திரங்கள் எதிலும் நீங்கள் தரப்பினர் இல்லை.

காலக்கெடுவை மறக்காதீர்கள். உடன்படிக்கையை ரிசிண்ட் செய்ய வழக்குப் போடுவதானால், அதற்கான உண்மை முதன்முதலில் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான். நீங்கள் நில எடுப்பு அலுவலகத்துக்குப் போன தேதியிலிருந்து கணக்கிடுங்கள். அங்கே வாய்மொழியாகத்தான் சொன்னார்கள் என்றால், உங்கள் சர்வே எண் எடுப்பில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் அம்மா பெயரில் மனுப்போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அம்மாவின் போனில் உள்ள அந்த வரைபடச் செய்தியை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனை மாற்றுவதாக இருந்தாலும் பழைய போனை எடுத்து வையுங்கள்.